கழற்றத் தெரிந்தவர்

காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்த நவநீதனுக்கு வானம் தெரிந்தது. காருக்கு அடியில் படுத்தவருக்கு வானம் தெரியக் கூடாது. ஆனால் அந்த ஹெரால்டு காரின் தரைத் தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. மேல் தகரத்திலும் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கும் மேலே கொட்டகைக் கூரையில் ஒரு கீற்று விலகியிருந்தது. மூன்றும் ஒரே நேராக அமைந்துவிட்டதால் ஆவணி மாதத்து நீலம் ஒரு தேங்காய் மூடி அகலத்துக்கு அவர் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. "அடடா, அடடா" என்றார் நவநீதன். கோயிலில் திரை விலகும்போது அவர் சொல்கிற அதே குரல்.

கொட்டகைக்கு வெளியே, வாழைத்தோப்பு வரப்பில், அவர் மனைவி செல்லக்கிளி ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி நின்றிருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து தொட்டியத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பஸ் என்றாலே அவளுக்குக் குமட்டும். முசிறியில் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள்.

"ஏங்க, அடியில என்ன தெரியுது?"

"எல்லாமே தெரியுது கிளி!"

"அதான் பயமா இருக்கு."

காருக்குச் சொந்தக்காரரான நல்லுசாமி வாழை விவசாயி. நிதானமாகப் பேசுகிறவர். நவநீதன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு டிரைவர் சீட்டுப் பக்கம் கையை நீட்டியதும் அவர் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"அங்க மட்டும் கையை விட்டுராதீங்க. கொத்திப்புடும்."

சீட்டு இருந்த இடத்தில் வைக்கோல் இருந்தது. வைக்கோலின் மேல் ஒரு செவலைக் கோழி, காரை நேற்றே விலை பேசி முடித்துவிட்ட தோரணையில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"ஒன்பது முட்டை வெச்சு அடைக்கு உக்காந்திருக்கு. இன்னைக்கு மூணாவது நாள். பொரிச்சு இறங்குற வரைக்கும் வண்டியை நகத்த மாட்டேனுங்க. ஒரு பழைய இரும்புக் கடைக்காரரும் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவருக்கும் இதே பதில்தான். குஞ்சு இறங்குறதுக்குள்ள நீங்க வேணும்னு சொன்னா உங்களுக்கு. இல்லன்னா அவரு வந்து உடைச்சு எடுத்துட்டுப் போயிடுவாரு."

ஒரு கோழிக்காகப் பதினெட்டு நாள் வியாபாரத்தை நிறுத்தி வைக்கிற மனிதரைச் செல்லக்கிளிக்குப் பிடித்துப்போனது. எலுமிச்சம்பழத்தைக் கீழே இறக்கி, முதல் தடவையாகக் கொட்டகைக்குள் காலடி வைத்தாள்.

கார் வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து நவநீதன் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சொன்னாள். பஸ்ஸுக்குப் பயந்து குணசீலம் பெருமாளையே அவள் இருபது வருஷமாகப் பார்க்கவில்லை. நவநீதனும் உடனே சம்மதித்தார். ஆனால் புதுக் கார் கடைக்குப் போய் ஒரு வண்டியின் முன்மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினார். "உள்ள இன்னொரு மூடி போட்டு மூடி வெச்சிருக்கான் கிளி. ஒரு ஸ்பேனர் போக இடமில்ல. அது வண்டி இல்ல, டிபன் கேரியர்." அதன்பிறகு அவர் தேடியதெல்லாம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கார்கள்.

செல்லக்கிளியின் பயத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. மாடி அறையில் ஒரு ஸ்கூட்டர் பதினொரு வருஷமாக நான்கு சாக்குகளில் இருந்தது. மிக்சி ஒன்று, மேசை விசிறி ஒன்று, தையல் மெஷின் ஒன்று எல்லாம் தனித்தனி டப்பாக்களில், ஒவ்வொன்றின் மேலும் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டப்பட்டு, பத்திரமாக இருந்தன. எப்போதாவது ஏதாவது ஒன்றை அவர் திரும்பப் பூட்டினால் கடைசியில் ஒரு திருகாணி கையில் மிஞ்சும். அப்படி மிஞ்சியவற்றைப் போடுவதற்கென்றே அடுக்களை ஜன்னலில் ஒரு ஊறுகாய் ஜாடி. அது முக்கால்வாசி நிறைந்துவிட்டது. நவநீதன் சட்டைப் பையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் செல்லக்கிளி கையில் இருப்பதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

நல்லுசாமி காரின் முன்மூடியைத் திறந்து காட்டினார். மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறக்காமல், மட்கார்டு, விளக்கு, மூக்கு, முழி எல்லாமாக முன்பாதி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. உள்ளே எஞ்சின் இல்லை. எஞ்சின் பக்கத்துக் களத்தில், உரச் சாக்குகளுக்கு நடுவே, துணி போர்த்தி இருந்தது.

"இதுவரைக்கும் எத்தனை வண்டி கழட்டியிருக்கீங்க?" என்று நல்லுசாமி கேட்டார்.

"வண்டியா? ரயில் பெட்டிங்க. ஆயிரக்கணக்குல கழட்டியிருக்கேன்."

"மாட்டினது?"

நவநீதன் கைத்துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எங்க செக்‌ஷன்ல மாட்டுற வேலை கிடையாதுங்க" என்றார் பிறகு.

அன்று சாயங்காலம் வீட்டில் காபி குடிக்கும்போது செல்லக்கிளி அதைக் கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்தும் அவளுக்குத் தெரியாத சங்கதி. பழுதுபார்க்க வரும் பெட்டியிலிருந்து சீட்டு, கதவு, ஜன்னல், குழாய் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கி எண் எழுதி அனுப்புவது அவர் செக்‌ஷன். திரும்பப் பூட்டுவது எதிர் ஷெட்.

"நாங்க கழட்டினது நடுவுல எங்கெங்கயோ போயி, ரெண்டு மாசம் கழிச்சு அங்க வரும். எட்டிப் பாத்தா தெரியும். பெயிண்ட் அடிச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கைதட்டி வெளிய தள்ளுவாங்க. நான் இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். கையில அடுத்த பெட்டியோட தாழ்ப்பாள் இருக்கும்."

"செக்‌ஷன் மாத்திக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். உன்ன மாதிரி ஒரு திருகாணி கூட உடையாம கழட்டுற ஆள் கிடைக்காதுப்பான்னு சொல்லிட்டாங்க. நல்லா வேலை செஞ்சதுக்குக் கிடைச்ச தண்டனை." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். டம்ளரைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல், ஜன்னலில் இருந்த ஜாடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நவநீதன் அதைக் கவனித்தார். தண்ணீர் வீணாகிறதே என்றுதான் நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு காரைப் பற்றித் தகவல் வந்தது. திருவெறும்பூரில் ஸ்ரீரங்கராஜன் என்பவரிடம் ஒரு வெள்ளைப் பத்மினி இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இவர்கள் போனபோது ஸ்ரீரங்கராஜன் வாசலிலேயே காத்திருந்தார். எழுபது வயது, நெற்றியில் திருமண், தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். காருக்குப் பருத்தி வேட்டியால் ஒரு போர்வை, அதன் மேல் தார்ப்பாயால் ஒரு போர்வை. அவருக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்து பக்கவாட்டுப் பார்வை போய்விட்டதால் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏகாதசிக்கு ஏகாதசி ரங்கநாதரைச் சேவிக்க இவதான் அழைச்சுண்டு போவா. ஒரு நாள் கூட நடுவழியில நின்னதில்லை. ஒரே ஒரு குறை. இடது பக்கத்துக் கண்ணாடி இறக்கற கைப்பிடி கொஞ்சம் ஆடும். அழுத்திண்டே சுத்தணும்."

சாவியைத் திருகினார். கார் குதிரை கனைப்பது போல ஒரு தடவை கனைத்துவிட்டு ஓடத் தொடங்கியது. நவநீதன் ஓட்ட, செல்லக்கிளி முன்சீட்டில் உட்கார, ஸ்ரீரங்கராஜன் பின்சீட்டிலிருந்து "செகண்ட் போடுங்கோ... மெதுவா... அவளுக்குப் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டே வர, தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி வரை போய்த் திரும்பினார்கள். செல்லக்கிளி கைப்பிடியை அழுத்திக்கொண்டே சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். காற்று முகத்தில் அடித்தது. திரும்பி வந்து இறங்கும்போதுதான் நவநீதன் பார்த்தார்: எலுமிச்சம்பழம் அவள் மடியில் இருந்தது. அதை அவள் ஒரு தடவை கூட முகர்ந்து பார்த்திருக்கவில்லை. அப்படி ஒரு பழம் அவள் மடியில் இருப்பதையே மறந்து எழுந்ததில் அது உருண்டு போய் ஸ்ரீரங்கராஜன் செருப்பில் முட்டி நின்றது.

"எப்படி இருந்துச்சு கிளி?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதை வாங்குங்க" என்றாள் செல்லக்கிளி.

முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த வாக்கியம் நல்லபடியாக முடிந்ததே இல்லை. கடைசியாக அவள் இதைச் சொன்னபோது அவர் ஒரு பச்சை நிற பீரோ வாங்கி வந்தார். அது இன்னும் இருக்கிறது. அவள் இன்னும் அதில் ஒரு புடவை கூட வைக்கவில்லை.

மூன்று நாள் இருவரும் மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். சண்டை போடுவதைவிட அது களைப்பாக இருந்தது. பத்மினியே போதும் என்று அவர் சொன்னால், ஹெரால்டு பாவம் உடைச்சிடுவாங்களே என்பாள் அவள். சரி ஹெரால்டு என்றால், அது ஓட எத்தனை வருஷம் ஆகும் என்பாள். இரண்டு வருஷம் என்று அவர் சொன்னதும் மாடி அறையின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். கடைசியில் அவளே வழி சொன்னாள்.

"பூக்கட்டிப் பாத்துருவோம். சிவப்பு வந்தா ஹெரால்டு, வெள்ளை வந்தா பத்மினி. சமயபுரத்து அம்மா சொல்றபடி கேட்டுக்குவோம்."

சமயபுரம் வரைக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்ரீரங்கராஜன் சொன்னார். தானும் கூட வருவதாகவும் சொன்னார். "ஆண்டவன் சொல்லை நேர்ல கேட்டுக்கறேனே. அவ எங்க பெருமாளோட தங்கைதானே. தைப்பூசத்துக்கு ஸ்ரீரங்கத்துலேர்ந்து சீர் போறதே."

வியாழக்கிழமை காலையில் செல்லக்கிளி அடுக்களையில் வாழையிலைக் கிழிசலில் பூவை வைத்து மடித்து நாரால் கட்டி இரண்டு பொட்டலம் செய்தாள். நவநீதன் கதவோரம் நின்று மடிப்பையும் முடிச்சையும் கவனித்தார். பிறகு கொல்லைக்குப் போய் நந்தியாவட்டைப் பூ இரண்டைப் பறித்துக்கொண்டு மாடி அறைக்கு ஏறினார். ஸ்கூட்டர் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அதே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டினார். இரண்டிலும் வெள்ளைப் பூ. சாமி காரியத்தில் திருட்டுத்தனம் செய்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் உருண்டு போன அந்த எலுமிச்சம்பழம் கண்ணிலேயே நின்றது. பொய்க்கு உண்டான தண்டனையை அம்மா தனக்கே கொடுக்கட்டும், கிளிக்கு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு பொட்டலங்களைச் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், அவர் தன் கையால் முழுசாகப் பூட்டி முடித்த முதல் பொருட்கள் அவைதான்.

சமயபுரம் பெரிய கோயிலில் கூட்டம் என்று, மூவரும் பத்மினியில் இனாம் சமயபுரத்து ஆதி மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். அங்கே அன்று பத்துப் பேர் கூட இல்லை. செல்லக்கிளி தேங்காய்த் தட்டில் பொட்டலங்களை வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். நவநீதன் சூடம் வைக்கிற சாக்கில் தட்டுக்கு மேல் குனிந்து தன்னுடைய இரண்டையும் உள்ளே போட்டார். அவளுடையவற்றை எடுக்க விரலை நீட்டினார். அதற்குள் பூசாரி "குடுங்க" என்று தட்டை வாங்கிப் போய்விட்டார். நவநீதனின் விரல்கள் காற்றைக் கிள்ளியபடி நின்றன.

தீபாராதனை முடிந்தது. பூசாரி தட்டில் கிடந்த பூக்களை ஒதுக்கிவிட்டு, "சின்னப் புள்ளைங்க யாராச்சும் எடுக்கணும்" என்று சுற்றிலும் பார்த்தார். பள்ளிக்கூட நாள். ஒரு குழந்தை கூட இல்லை. "அப்ப மனசுல களவு இல்லாத யாராவது எடுங்க."

செல்லக்கிளி சட்டென்று ஒரு அடி பின்னால் போனாள். நவநீதன் இரண்டு அடி பின்னால் போனார். ஸ்ரீரங்கராஜன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நான் விக்கறவன், கண்ணும் சரியில்லை. நான் எடுத்தா நன்னாருக்குமா?"

"கண்ணு சரியாத் தெரியலைன்னா நீங்கதான் பொருத்தம்" என்றார் பூசாரி.

ஸ்ரீரங்கராஜன் தட்டுக்குள் கையை விட்டார். பார்வை குறைந்ததிலிருந்து எல்லாவற்றையும் விரலால் அளந்து பார்ப்பது அவர் வழக்கம். அதற்கு முன்பும் நாற்பது வருஷம் அளவு பார்த்த விரல்கள். தேங்காய் மூடியைத் தடவின. வெற்றிலையைத் தடவின. ஒரு பொட்டலத்தை எடுத்தன. பிறகு திருப்தி இல்லாமல் மறுபடியும் தட்டுக்குள் போயின.

"ரெண்டுன்னு சொன்னேள். இங்க இன்னும் மூணு தட்டுப்படறதே?"

பூசாரி குனிந்து பார்த்தார். நவநீதன் அம்மனைப் பார்த்தார். அம்மன் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க" என்றார் நவநீதன். "ரெண்டு என்னுது. மாத்திடலாம்னு வெச்சேன். ரெண்டுலயும் வெள்ளைதான். இவ பஸ்ஸுல படுற பாட்டைப் பாக்க முடியல. இவ என்னத்தையும் கேட்டு வாங்குற ஆள் இல்ல. மன்னிச்சிரு கிளி, அம்மா பேரைச் சொல்லி ஏமாத்தப் பாத்தேன்."

செல்லக்கிளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நவநீதன் பதறினார். அழவில்லை.

"என்னுதுலயும் ரெண்டுமே சிவப்புங்க" என்றாள்.

"என்ன?"

"உங்க எதிர் ஷெட்டுக் கதையைக் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல. ஒரு தடவையாவது ஒண்ணைப் பூட்டி வெளிய தள்ளட்டும்னு நினைச்சேன். நான் பஸ்ஸுல வாந்தி எடுத்தா என்ன, முசிறியில தண்ணியா கிடைக்காது?"

ஸ்ரீரங்கராஜன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருவர் குரலும் வந்த பக்கம் மாறி மாறித் திரும்பினார். பூசாரி தட்டைப் பார்த்தார், கணக்குப் போட்டார், சிரித்தார்.

"ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு. உங்க ரெண்டு பேர் திருட்டும் சேந்து சீட்டை நேர்மையாக்கிடுச்சு. ஐயா ஒண்ணை எடுத்தாச்சு. அது அம்மா குடுத்தது." மிச்சம் மூன்றையும் பிரிக்காமலே அம்மன் காலடியில் பூக்குவியலுக்குள் சேர்த்துவிட்டார்.

ஸ்ரீரங்கராஜன் பொட்டலத்தைச் செல்லக்கிளியின் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே பிரிங்கோ."

அவள் நாரில் விரலை வைத்தாள். அந்த நேரம் பார்த்து நவநீதனின் போன் அடித்தது. நல்லுசாமி. சன்னதி என்று கூடப் பார்க்காமல் எடுத்துவிட்டார். நல்லுசாமியின் குரல் நாலு பேருக்கும் கேட்டது.

"ஒன்பதுல ஏழு பொரிச்சிருச்சுங்க! நேத்து சாயங்காலம்தான் இறங்குச்சு. ரெண்டு குஞ்சு இறங்கத் தெரியாம ஸ்டியரிங் மேல ஏறி உக்காந்திருக்கு. இரும்புக்காரரு நாளைக்குக் காலையில வர்றேன்னு இருக்காரு. நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

நவநீதன் செல்லக்கிளியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அதைப் பிரிக்காமல் மூடிக்கொண்டாள்.

"நேர்ல வந்து சொல்றோம்னு சொல்லுங்க. முதல்ல குஞ்சைப் பாத்துட்டு வருவோம்" என்றாள். "ஐயா, உங்களுக்கு வேற வேலை இருக்கா?"

"எனக்கென்ன வேலை? தொட்டியம்னா குணசீலம் வழியா. பிரசன்ன வேங்கடாஜலபதியைச் சேவிச்சுட்டுப் போகலாம்" என்றார் ஸ்ரீரங்கராஜன். அவர்தான் முதலில் காரில் ஏறினார்.

செல்லக்கிளி முன்சீட்டில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்து, கண்ணாடியை இறக்கினாள். அழுத்த மறந்துவிட்டாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கண்ணாடி பாதியில் நின்றது. அவள் முகம் அந்தக் கணமே வெளுத்தது. எலுமிச்சம்பழத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

நவநீதன் இறங்கிச் சுற்றி வந்தார். அவள் பக்கத்துக் கதவைத் திறந்து கோயில் வாசல் மண்ணில் மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"ஏங்க, வேணாங்க" என்றாள் செல்லக்கிளி. "பாதி காத்து போதும்."

"என்னாச்சு?" என்றது பின்சீட்டு.

"ஒண்ணுமில்லங்க. ஒரே நிமிஷம்."

திருகாணி கழன்று வந்தது. அதன் பின்னால் ஒரு வளையம், வளையத்தின் பின்னால் ஒரு சுருள்கம்பி. ஒவ்வொன்றாக எடுத்து அவள் முந்தானையை விரித்து அதில் வைத்தார். செல்லக்கிளி கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. அம்மன் பெயராகத்தான் இருக்க வேண்டும். வளைந்திருந்த வளையத்தை அவர் கோயில் படிக்கல்லில் வைத்து இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினார். பிறகு அவள் முந்தானையிலிருந்து சுருள்கம்பியை எடுத்தார். வளையத்தை வைத்தார். கைப்பிடியை வைத்தார். கடைசியாகத் திருகாணி. அது வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே போய், இனி போக இடமில்லை என்று நின்றது.

"கிளி."

அவள் கண்ணைத் திறந்தாள். முந்தானையை உதறிப் பார்த்தாள். தரையில் தேடினாள். நவநீதன் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முன்னால் விரித்துக் காட்டினார். எண்ணெய்க் கறை இருந்தது, விபூதி கொஞ்சம் இருந்தது. வேறெதுவும் மிச்சம் இல்லை.

டோல்கேட் தாண்டி நாமக்கல் ரோட்டில் திரும்பியதும் இடது பக்கம் தோப்புகளுக்கு நடுவே தண்ணீர் விட்டு விட்டுத் தெரிய ஆரம்பித்தது. "தேர்டு போடுங்கோ" என்றார் ஸ்ரீரங்கராஜன் பின்னாலிருந்து. செல்லக்கிளி கைப்பிடியை ஒரு விரலால் சுற்றினாள். கண்ணாடி முழுவதும் இறங்கியது. மறுபடி ஏற்றினாள். மறுபடி இறக்கினாள். காவிரிக் காற்று மொத்தமாக உள்ளே வந்து அவள் முடியைக் கலைத்தது, மடியில் இருந்த பொட்டலத்தின் நாரைத் தளர்த்தியது, வாழையிலையின் ஒரு மடிப்பை மெல்லத் தூக்கியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள்.